பைசுன்னிசா சௌதுராணியும் வங்காளப் பெண்கல்வி வரலாறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தின் பெண்கல்வி வரலாற்றை எழுதுவோர், கிறித்தவ மிசனரிமாரின் பணியினையும் கல்கத்தாவைச் சார்ந்த ஆண் சீர்திருத்தவாதிகளின் முயற்சியினையும் முதன்மைப்படுத்துவது வழக்கம். 1849 இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட பெத்தூன் பாடசாலை இவ்வரலாற்றின் முக்கிய கட்டமாகக் கொள்ளப்படும். முஸ்லிம் பெண்களின் கல்வி பற்றிப் பேசுமிடத்து, பேகம் ரொக்கையாவின் பெயரே முதலில் எடுத்தாளப்படுகின்றது. ஆயின், 1880 இல் ரொக்கையா பிறப்பதற்கு ஏழாண்டுகள் முன்னரே, கிழக்கு வங்காளத்துக் கொமில்லாவில் முஸ்லிம் பிரபுகுலப் பெண்ணொருவர் பெண்களுக்கெனப் பாடசாலை நிறுவியிருந்தார். அவரே பைசுன்னிசா சௌதுராணி. அவரது பணி எத்தகைய சமூக அடிப்படையில் எழுந்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய வங்காளதேசத்திலுள்ள பச்சிம்காவ் என்னும் ஊரில், 1834 இல், ஜமீந்தார் குடும்பமொன்றில் இவர் பிறந்தார். பர்தா முறையைப் பேணிய அக்குடும்பத்தில், வீட்டிலிருந்தவாறே ஆசிரியரிடம் பாரசீகம், வங்காளம் முதலிய மொழிகளைக் கற்றார். இரண்டாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட இவர், இரு பெண்மக்களுக்குத் தாயானபின் கணவரைப் பிரிந்து வாழ்ந்தார். 1876 இல் டாக்காவில் வெளியான 'ரூப்ஜலால்' என்னும் நூலின் முன்னுரையில் தம் வாழ்வின் துயரை இவரே எழுதியுள்ளார்.

கொமில்லாப் பாடசாலை 1873 இல் தோன்றியது. சேர் செய்யித் அகமத் கான் அலிகாரில் தம் கல்விநிலையத்தைத் தொடங்கியது 1875 இலாகும். ஆண்களின் கல்வியே முதலில் வேண்டும், பெண்கல்வி அதன் பின்னரே இயல்பாக அமையும் என்பது அவர் கருத்து. அக்கருத்து மேலோங்கியிருந்த காலத்தில், காத்திருக்க வேண்டியதில்லை என்பதைப் பைசுன்னிசா செயலிற் காட்டினார் எனலாம்.

இச்செயலுக்கு ஆதாரமாயிருந்தது அவரது சொத்துரிமையாகும். பெண்ணுக்குத் தன் பெயரிற் சொத்து வைத்திருக்கும் உரிமையை இஸ்லாமியச் சட்டம் வழங்கியிருந்தது. பர்தாவினால் பொதுவாழ்விலிருந்து விலக்கப்பட்ட பெண்ணொருவர், அச்சமயம் வழங்கிய உரிமையைக் கொண்டே பொதுநிறுவனங்களை உருவாக்கினார் என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. 1893 இல் பெண்களுக்கான மருத்துவமனையொன்றையும் இவர் நிறுவினார். இறுதியில் தம் சொத்துக்களை வக்பு செய்தார். 1889 இல் விக்டோரியா மகாராணியாரின் ஆட்சியில் இவருக்கு நவாப் பட்டம் வழங்கப்பட்டது. 'பேகம்' என்னும் பட்டத்தை ஏற்க மறுத்தமையாலேயே ஆண்களுக்குரிய இப்பட்டம் அளிக்கப்பட்டதென்பர்.

எனினும், இப்பணியின் வரையறையையும் மறத்தலாகாது. 1793 ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரி ஏற்பாட்டில் வேரூன்றிய ஜமீந்தாரி முறையில், குடியானவர் செலுத்திய குத்தகையே இக்கொடைகளின் ஊற்றாகும். கொடையாளியின் பெயர் நிலைக்க, அக்குடியானவர் பெயரற்றுப் போயினர்.

1903 இல் பைசுன்னிசா மறைந்தார். அவர் நிறுவிய பாடசாலை அவர் பெயரால் நிலைத்தது. பெண்கல்வி பெண்களுக்குப் பிறர் அளித்த கொடை மட்டுமன்று. பெண்கள் தாமே முனைந்து ஆக்கியதுமாகும் என்பதற்கு அவரது வரலாறு தக்க சான்றாகும்.