டீஃபால்ட் எங்க இருக்கு?

இன்னைக்கு எபிசோடை ஒரு பாவமன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் மூணாவது வருஷம், ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணி. ரூம்மேட்டோட லினக்ஸ் லேப்டாப்ல பேனலைக் காணோம், ஐகான் எல்லாம் கன்னாபின்னான்னு கிடக்கு. காலையில அவனுக்கு புராஜெக்ட் ரிவ்யூ. நான்தான் அந்த ஃப்ளோருக்கே லினக்ஸ் வித்வான் ஆச்சே! "இதெல்லாம் ஒரு மேட்டராடா"ன்னு சொல்லிட்டு, அவன் ஹோம் ஃபோல்டருக்குள்ள இருந்த 'டாட் கான்ஃபிக்' ஃபோல்டரை மொத்தமா அழிச்சேன். லாக்-அவுட், லாக்-இன். டெஸ்க்டாப் புத்தம் புதுசா வந்தது. கூடவே பிரவுசரும் புத்தம் புதுசா வந்தது. புக்மார்க், சேமிச்சு வெச்ச பாஸ்வேர்டு, எல்லாம் போச்சு. அவன் திட்டவே இல்லை. "புராஜெக்ட் லிங்க் எல்லாம் அதுலதான்டா இருந்தது"ன்னு மட்டும் சொன்னான்.

ஒரு பேனலைச் சரிபண்ணப் போய் பிரவுசர் ஏன் காலியாச்சு? பதிலுக்கு 1970-களின் தொடக்கத்துக்குப் போகணும். இடம், அமெரிக்காவின் பெல் லேப்ஸ். யூனிக்ஸை எழுதிக்கிட்டு இருக்காங்க. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் ரெண்டு பெயர் தானா இருக்கும்: ஒற்றைப் புள்ளின்னா இதே ஃபோல்டர், இரட்டைப் புள்ளின்னா மேல இருக்கிற ஃபோல்டர். ஃபைல்களைப் பட்டியல் போடும் 'எல்.எஸ்' கட்டளையில இந்த ரெண்டும் தெரிய வேண்டாம்னு நினைச்சாங்க. அதுக்கு, பெயரோட முதல் எழுத்து புள்ளியா இருந்தா விட்டுடுன்னு ஒரு சின்ன குறுக்குவழி. பின்னாளில் பெல் லேப்ஸில் வேலை பார்த்த ராப் பைக் 2012-ல் இந்தக் கதையைப் பகிர்ந்தார். அந்தக் குறுக்குவழியால புள்ளியில் தொடங்கும் எல்லா ஃபைலும் கண்ணுக்கு மறைஞ்சுபோச்சு. மறைவான இடம் கிடைச்சா விடுவோமா? புரோகிராமர்கள் தங்கள் செட்டிங்ஸை எல்லாம் அங்கேயே கொட்ட ஆரம்பிச்சாங்க.

1996-ல் கே.டி.இ, 1997-ல் க்னோம். லினக்ஸுக்கு முழு டெஸ்க்டாப் வந்தது. கூடவே ஹோம் ஃபோல்டர்ல புள்ளி வெச்ச ஃபோல்டர்கள் காளான் மாதிரி முளைச்சது. இதை ஒழுங்குபடுத்த, 2003 வாக்கில் ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின்கீழ் ஒரு விதிமுறை எழுதினாங்க: செட்டிங்ஸ் 'டாட் கான்ஃபிக்'குள்ள, தற்காலிகக் குப்பை 'டாட் கேஷ்'குள்ள, டேட்டாவுக்குத் தனி இடம். நல்ல யோசனைதான். ஆனா குரோமியம் மாதிரி சில பிரவுசர்கள் புக்மார்க் உட்பட மொத்த புரொஃபைலையும் 'டாட் கான்ஃபிக்'லயே வெச்சுக்குது. அன்னைக்கு ராத்திரி நான் அழிச்சது இதைத்தான்.

க்னோம் 2 காலத்தில் செட்டிங்ஸ் 'ஜிகான்ஃப்'ங்கிற அமைப்பில், நிறைய எக்ஸ்.எம்.எல் ஃபைல்களா இருந்தது. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3-ல் அந்த இடத்துக்கு 'டிகான்ஃப்' வந்தது. இங்கதான் சுவாரசியம். டீஃபால்ட் மதிப்புகள் சிஸ்டம் பக்கம், 'ஸ்கீமா' ஃபைல்களில் இருக்கும். உங்க ஹோம் ஃபோல்டரில் இருப்பது நீங்க மாத்தினது மட்டும்தான். அதனால ரீசெட்னா எதையும் எங்கிருந்தோ திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை, உங்க மாற்றங்களை அழிச்சா போதும். 'டிகான்ஃப் ரீசெட்', ஹைஃபன் எஃப், ஒரு ஸ்லாஷ். ஒரே வரி. பிரவுசர் புரொஃபைல் பக்கமே அது போகாது.

ஆனா எந்த ரீசெட்டாலும் முடியாத ஒண்ணும் அதே 2011-ல் நடந்தது. க்னோம் 3-ல் டெஸ்க்டாப்பே தலைகீழா மாறிப்போச்சு. பழக்கப்பட்ட மெனு, கீழே இருந்த விண்டோ பட்டியல், எதுவும் இல்லை. ரீசெட் பண்ணினாலும் புது டீஃபால்ட்தான் வரும், பழைய க்னோம் 2 வராது. லினஸ் டோர்வால்ட்ஸே கடுப்பாகி எக்ஸ்.எஃப்.சி.இ-க்கு மாறினார். பழசை விட மனசில்லாதவங்க க்னோம் 2-ன் கோடை எடுத்து 'மாட்டே'ன்னு தனி டெஸ்க்டாப்பாவே வளர்த்தாங்க. டீஃபால்ட்ங்கிறது உங்க பழைய நாள் இல்லை. இப்போதைய டெவலப்பர்கள் எடுத்த முடிவு, அவ்வளவுதான்.

சரி, உங்க டெஸ்க்டாப் குழம்பிப்போனா என்ன பண்ணலாம்? முதல்ல ஒரு புது யூசர் உருவாக்கி அதுல லாக்-இன் பண்ணிப் பாருங்க. அங்கயும் அதே பிரச்சினைன்னா தப்பு உங்க செட்டிங்ஸ்ல இல்லை. க்னோம்னா, ரீசெட்டுக்கு முன்னாடி 'டிகான்ஃப் டம்ப்' போட்டு ஒரு ஃபைல்ல சேமிச்சுக்கோங்க, 'டிகான்ஃப் லோட்' அதைத் திரும்பக் கொண்டுவரும். கே.டி.இ, எக்ஸ்.எஃப்.சி.இ ரெண்டிலும் செட்டிங்ஸ் 'டாட் கான்ஃபிக்'குள்ள தனித்தனி ஃபைலா இருக்கும். சம்பந்தப்பட்டதை மட்டும் பெயர் மாத்தி வைங்க, அழிக்காதீங்க.

அந்த ரூம்மேட் இன்னும் என் நண்பன்தான். ஆனா அவன் லேப்டாப்பை நான் தொட்டா போதும், "பேக்கப் எடுத்தியாடா?"ன்னு கேட்டுட்டுதான் பாஸ்வேர்டையே போடுவான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!