செல்லின் குப்பை மருந்தான கதை

பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பருப்பை எடுத்த பிறகு ஓடு மூலையில் குவிந்து கிடக்கும். இல்லையென்றால் அடுப்பெரிக்கப் போகும். கையில் பட்டால் தோல் கருத்து உரிந்துவிடும். அதே ஓட்டைப் பிழிந்தால் எண்ணெய் வரும், அது பெயின்ட்டுக்கும் வண்டிகளின் பிரேக் லைனிங்குக்கும் போகும் என்பது பிறகு வந்த வியாபாரம். வேண்டாம் என்று ஒதுக்கிய சரக்குக்கு ஒருநாள் விலை வந்துவிடுகிறது. எங்கள் காஸ்டிங் பாடத்தில் இதற்கென்று ஒரு தனி அத்தியாயமே உண்டு!

எக்ஸோசோம் கதையும் ஏறக்குறைய இதேதான். காமர்ஸ் படிக்கிறவனுக்கு எக்ஸோசோமில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் என் பெரியப்பா.

நெய்வேலி சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது திருவதிகையில் இருக்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. போன மாதம் ஒரு பளபளப்பான நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தார். ஊர் பேர் வேண்டாம், ஏதோ ஒரு கிளினிக். "எக்ஸோசோம் ஊசி, ஆபரேஷன் இல்லாமல் மூட்டு மறுபடி வளரும்" என்று போட்டிருந்தது. ஒரு ஊசிக்கு அவருடைய நாலு மாத பென்ஷன். மூன்று ஊசி போடவேண்டுமாம்.

"நீ காலேஜ் படிக்கிற பையன்தானே, இது என்னான்னு பாத்துச் சொல்லு தம்பி" என்றார்.

நோய் தீர்ந்த கதைக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. தீராத சூலை நோயோடு வந்த அப்பருக்கு, அக்கா திலகவதியார் திருநீறு கொடுக்க, வீரட்டானேசுவரர் சந்நிதியில் வலி நின்றது என்று பெரியபுராணம் சொல்கிறது. சமணப் பள்ளியில் இருந்தவரை என்னென்னவோ செய்து பார்த்தும் நிற்காத வலி. வலியில் இருக்கிற மனுஷன் எந்தக் கதவையும் தட்டுவான் என்பது ஏழாம் நூற்றாண்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். படித்ததை எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

1946இல் எர்வின் சார்காஃப் என்பவர் ரத்தம் எப்படி உறைகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். (டிஎன்ஏவின் நான்கு எழுத்துக்கள் என்ன விகிதத்தில் இருக்கும் என்று பிற்பாடு கண்டுபிடித்தவரும் இவரேதான்.) செல்களை எல்லாம் நீக்கிவிட்ட ரத்தத்தை மிக வேகமாகச் சுழற்றியபோது அடியில் ஏதோ படிந்தது. அதை எடுத்துவிட்டால் ரத்தம் உறைவது தாமதமாகிறது. 1967இல் இங்கிலாந்தில் பீட்டர் வுல்ஃப் இதே மாதிரிப் படிவை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வைத்த பெயர், தட்டணுத் தூசி! தூசிக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? ரொம்ப நாள் யாரும் கொடுக்கவில்லை.

அடுத்த திருப்பம் 1983இல். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டன் ஆட்டு ரத்தத்தை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். போலந்தில் பிறந்து சின்ன வயதில் கனடாவுக்கு வந்த பெண்மணி. இளம் சிவப்பணுக்களின் மேல்புறத்தில் இரும்புச்சத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கி மாதிரி ஒரு புரதம் இருக்கும். அணு முதிர்ந்ததும் அந்தக் கொக்கி காணாமல் போய்விடும். எங்கே போகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அவரும் மாணவர் பின் டாவ் பானும் பார்த்தபோது, செல் அந்தக் கொக்கிகளை உள்ளே இழுத்து, குட்டிக் குட்டிப் பைகளில் கட்டி, வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் பிலிப் ஸ்டாலின் குழுவும் எலியின் ரத்தத்தில் இதையே கண்டது. 1987இல் ஜான்ஸ்டன் குழு இந்தப் பைகளுக்கு எக்ஸோசோம் என்ற பெயரைப் பயன்படுத்தியது. செல்லுக்குத் தேவையில்லாததை வெளியே கொட்டும் குப்பைப் பை என்பதுதான் அன்றைய எண்ணம்.

எவ்வளவு சின்னது என்றால், 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவில் சின்னச் சைஸ் பைகளை வரிசையாக அடுக்கினால் ஆயிரத்துக்கு மேல் நிற்கும்.

குப்பை இல்லை என்று தெரிய இன்னும் ஒன்பது வருஷம் ஆனது. 1996இல் நெதர்லாந்தில் கிராசா ரப்போசோவும் கூட இருந்தவர்களும், நோய் எதிர்ப்பு செல்கள் விடும் எக்ஸோசோம்கள் மற்ற எதிர்ப்பு செல்களைத் தூண்டிவிடுவதைக் காட்டினார்கள். ஆக, அது பார்சல்! 2007இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. ஹாடி வாலடி, யான் லோட்வால் குழு எலி செல்லின் எக்ஸோசோம்களை மனித செல்லோடு சேர்த்து வைத்தது. கொஞ்ச நேரத்தில் மனித செல் எலியின் புரதத்தைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே இருந்தது ஆர்என்ஏ, அதாவது செய்முறைக் குறிப்பு. ஒரு வீட்டு சமையல் குறிப்பு இன்னொரு வீட்டு அடுப்பில் ஏறின மாதிரி.

இதற்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு ஸ்டெம் செல் வழியாகப் போகவேண்டும். இங்கே நம் ஊர் சரித்திரமும் சேர்ந்துகொள்கிறது.

ஸ்டெம் செல் வைத்தியத்தில் சந்தேகமில்லாமல் நிரூபணமானது எலும்பு மஜ்ஜை மாற்று. அமெரிக்காவில் டொனால் தாமஸ் 1957இல் தொடங்கினார், 1990இல் நோபல் பரிசு வாங்கினார். மும்பை டாடா மருத்துவமனையில் 1983இல் வந்தது, வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் வந்தது. அங்கே ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் பிழைத்தவர்கள் ஏராளம். இந்த வெற்றியைப் பார்த்து மற்ற எல்லா நோய்க்கும் ஸ்டெம் செல் என்று ஒரு அலை கிளம்பியது. மஜ்ஜையில் இருக்கும் இன்னொரு வகை ஸ்டெம் செல்லை இதயத்தில் போட்டார்கள், மூட்டில் போட்டார்கள். சில விலங்குகளுக்குக் குணம் தெரிந்தது. ஆனால் போட்ட செல்களில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே செத்துப்போயின. செத்த செல் எப்படிக் குணப்படுத்தும்?

சிங்கப்பூரில் சாய் கியாங் லிம் என்ற பெண் விஞ்ஞானி இதைத் தலைகீழாக யோசித்தார். செல்லை விட்டுவிட்டு, செல் வளர்ந்த திரவத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார். 2010இல் அவர் குழு வெளியிட்டது இதுதான்: மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்கு அந்தத் திரவத்திலிருந்து பிரித்த எக்ஸோசோம்களைக் கொடுத்தால் இதயத்தின் சேதம் குறைகிறது. வேலை செய்தது செல் இல்லை, அது அனுப்பிய பார்சல். ஓட்டில் எண்ணெய் கிடைத்துவிட்டது!

இதுவரை கேட்டால் நோட்டீஸ் உண்மை என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இது எலி. மனிதனுக்கு? 2014இல் ஜெர்மனியின் எஸ்சென் நகர மருத்துவர்கள் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு புது மஜ்ஜை உடம்பையே தாக்கும் கோளாறு, எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. எக்ஸோசோம் கொடுத்தபின் சில மாதங்கள் நன்றாக இருந்தார். பிறகு நிமோனியாவில் இறந்துபோனார். நம்பிக்கை தரும் விஷயம்தான், ஆனால் ஒரு ஆள்.

தயாரிப்பிலேயே சிக்கல் இருக்கிறது. ஒரே செல்லை இன்று வளர்த்தால் ஒரு மாதிரி பை, அடுத்த வாரம் வளர்த்தால் வேறு மாதிரி. செல்லை வளர்க்க ஊற்றும் மாட்டு சீரத்திலேயே மாட்டின் எக்ஸோசோம்கள் இருக்கின்றன. பாட்டிலில் இத்தனை கோடித் துகள் என்று எழுதியிருந்தால், அதில் எத்தனை உண்மையான பார்சல், எத்தனை வெறும் தூசி? அந்தப் பெயரையே கண்டபடி போடாதீர்கள், எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாதவரை பொதுப்பெயரால் சொல்லுங்கள் என்று இந்தத் துறையின் சர்வதேசச் சங்கம் 2018இல் வழிகாட்டுதல் எழுதியது. விஞ்ஞானியே தயங்கும் பெயர் நோட்டீஸில் கொட்டை எழுத்தில்!

2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்று சொல்லிப் போட்டதில் நோயாளிகளுக்குக் கடுமையான பாதிப்பு. இப்படி எந்தப் பொருளுக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்றும் சொன்னது.

நம் நாட்டில்? இங்கே ஒரு சின்ன விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் தலைப்பில் 'ஸ்டெம் செல் ஆராய்ச்சியும் சிகிச்சையும்' என்று இருந்தது. 2013இல் திருத்தியபோது 'சிகிச்சை' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட மஜ்ஜை மாற்றைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான், சிகிச்சை என்று சொல்லி விற்காதீர்கள் என்று அர்த்தம். 2017 திருத்தத்திலும் அதே நிலைதான்.

முறையாகப் போனவர்களும் உண்டு. பெங்களூரின் ஸ்டெம்பியூடிக்ஸ் நிறுவனம் பர்ஜர் நோய்க்கு (பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கால் ரத்தக்குழாய் அடைத்து விரல் அழுகும் நோய்) மஜ்ஜை ஸ்டெம் செல் மருந்தை வருஷக்கணக்கில் சோதித்து, 2016இல் வரம்புக்குட்பட்ட அனுமதி வாங்கியது. 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கும் வாங்கியது. கவனியுங்கள், அது செல். எக்ஸோசோம் இல்லை.

கணக்குப் பையன் கண்ணில் பட்டது இதுதான். சோதனை என்றால் ஆராய்ச்சிச் செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது, பாதிப்பு வந்தால் 2019 விதிகளின்படி நடத்துகிறவர் வைத்தியம் பார்த்து நஷ்டஈடு தரவேண்டும், சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் எண் இருக்கவேண்டும். அங்கீகரித்த மருந்து என்றால் விற்கலாம், ஆனால் அனுமதியைக் காட்டவேண்டும். காசும் வாங்கிக்கொண்டு, இரண்டும் இல்லாமல் இருந்தால் ரிஸ்க் முழுக்க ஊசி போட்டுக்கொள்கிறவர் தலையில். எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் இவ்வளவு சௌகரியமான வியாபாரத்தை நான் பார்த்ததில்லை.

பெரியப்பா எதிரிலேயே ஸ்பீக்கரில் போன் போட்டேன். இது டிரையலா என்று கேட்டேன். "இல்ல சார், இது ட்ரீட்மென்ட்" என்றது ஒரு குரல். அனுமதி எண் கேட்டேன். டாக்டர் கூப்பிடுவார் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

பெரியப்பாவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும், ஆனா வலி எனக்குத்தானே தம்பி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை கடலூர் அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரைப் பார்க்க இரண்டு பேரும் போகிறோம். பழைய எக்ஸ்ரேக்களை இன்று தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.