கலிலேயா ஏரித் திருப்பயணம்

இஸ்ரேலின் வடக்கே உள்ள கலிலேயாக் கடலுக்கும் அதன் கரையிலுள்ள விவிலியத் தலங்களுக்கும் கிறித்தவர்கள் குழுவாக மேற்கொள்ளும் பயணம். தமிழ்நாட்டவர் இதற்கென்று தனியே போவதில்லை. எகிப்து, இஸ்ரேல், ஜோர்தான் மூன்றையும் சுற்றும் பத்து நாள் ‘எருசலேம் புனிதப் பயண’த்தில் இது ஒரு கட்டம். ஆவடிக்கு அருகிலுள்ள வெள்ளானூரிலிருந்து கிளம்பினாலும் நாகர்கோவிலிலிருந்து கிளம்பினாலும் நிறுத்தங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

கடல் என்று அழைத்தாலும் இது நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கி.மீ., அகலம் 13 கி.மீ.; கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே கிடக்கிறது. கெனேசரேத்து ஏரி, திபேரியாக் கடல் என்றும் விவிலியம் இதைச் சொல்லும்.

இன்றைய பேருந்து வழியைப் போட்டவர்கள் சுற்றுலா நிறுவனத்தார் அல்லர், பழங்கால யாத்திரிகர்களே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த எகேரியா என்ற பெண் யாத்திரிகரின் குறிப்புகள் 12ஆம் நூற்றாண்டுத் தொகுப்பொன்றில் எஞ்சியுள்ளன. ஐந்தப்பம், இரு மீன் அற்புதம் நடந்ததாக நம்பப்படும் தப்காவில், ஆண்டவர் அப்பம் வைத்த கல்லை மக்கள் தங்கள் நலனுக்காகச் சிறிது சிறிதாகப் பெயர்த்துச் சென்றதை அவை கூறுகின்றன. அங்கே ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தின் மொசைக் தளம் 1932இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதில் இரு மீன்களுக்கு நடுவே ஒரு கூடை. கூடைக்குள் தெரிவது நான்கு அப்பங்களே. ஐந்தாவது பலிபீடத்தின் மேல் இருப்பதாக வழிகாட்டிகள் விளக்குவார்கள்.

இடைக்காலத்தில் தேய்ந்த போக்குவரத்து 19ஆம் நூற்றாண்டில் மீண்டது. தாமஸ் குக் 1869இல் பாலஸ்தீனத்துக்குக் குழுப் பயணம் நடத்தினார். கப்பர்நகூம் இடிபாடுகளை 1894இல் பிரான்சிஸ்கன் துறவியர் வாங்கினர். பேதுருவின் வீடு எனக் கருதப்படும் இடத்தின் மேல் 1990இல் புதிய ஆலயம் எழுந்தது. மலைப்பொழிவுக் குன்றின் ஆலயம் 1938இல் கட்டப்பட்டது. 1986 வறட்சியில் நீர் வற்றியபோது சேற்றில் இரு மீனவச் சகோதரர்கள் கண்ட, எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான பழம்படகு முதல் நூற்றாண்டுக்காலத்தது. இயேசு ஏறிய படகு என்பதற்குச் சான்றில்லை. ஆனாலும் ‘இயேசு படகு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இந்தியா இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு கொண்டது 1992இல்தான். தமிழ்நாட்டில் எருசலேம் பயணத்துக்கென 2011இல் அரசு அறிவித்த திட்டத்தில் 500 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் கிடைத்தது. பின்னர் இது 37,000 ஆகவும், அருட்சகோதரிகளுக்கு 60,000 ஆகவும் உயர்ந்தது. விண்ணப்பங்கள் போய்ச் சேர்வது சேப்பாக்கம் கலச மகாலிலுள்ள சிறுபான்மையினர் நல ஆணையரகத்துக்கு. முழுச் செலவுக்கு இந்த மானியம் போதாது. மிச்சத்தைப் பயணியே போடவேண்டும்.

ஏரியில் மரப்படகுச் சவாரிதான் உச்சம். பயணிகளின் நாட்டுக் கொடியை ஏற்றித் தேசிய கீதத்தை ஒலிக்கவிடுவது படகோட்டிகளின் வழக்கம். பிறகு பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம். கரையேறினால் மதிய உணவுக்குப் ‘பேதுரு மீன்’. தட்டில் முழுதாகப் பொரித்து வரும் அந்தத் திலாப்பியா, நம் ஏரிகளில் பிடித்து ஜிலேபி என்று விற்கும் மீனின் நெருங்கிய உறவு. ஆவடிப் பக்கத்துக்காரர் விலையைப் பார்த்து மட்டும் திகைப்பார்.

ஏரியை விட்டு யோர்தான் ஆறு வெளியேறும் யர்தெனித்தில் வெள்ளை அங்கியுடன் முழுகுவார்கள். ஆற்றுநீரைப் புட்டியில் பிடித்து ஊருக்குக் கொண்டுவருவார்கள். இந்தத் துறை 1981இல் அமைந்தது. இயேசு திருமுழுக்குப் பெற்றதாக மரபு காட்டுவது தெற்கே, எரிகோவுக்கு அருகில். 1967 போருக்குப்பின் அங்கே கண்ணிவெடிகள் கிடந்ததாலேயே வடக்கே மாற்று தேவைப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு முழுகுவதால் பக்தி குறைந்துவிடாது.

அக்டோபர் 2023இல் இஸ்ரேல்–ஹமாஸ் போர் மூண்டபோது பெத்லகேமில் சிக்கிய மேகாலயப் பயணிகள் 27 பேர் எகிப்து எல்லை வழியே வெளியேறினர். அதன்பின் குழுப் பயணங்கள் பெருமளவு நின்றுபோயின.