துவை (வினைச்சொல்)

துவை என்பது துணியின் அழுக்கைப் போக்குவதைக் குறிக்கும் தமிழ் வினைச்சொல். இதைக் கேட்டதும் தண்ணீரும் சோப்பும்தான் இன்று நினைவுக்கு வரும். ஆனால் சொல்லின் அடிப்படைப் பொருளில் தண்ணீருக்கு இடமில்லை. அடித்தல், இடித்தல், மிதித்து நசுக்குதல் ஆகியவையே அதன் பழைய பொருள்கள்.

இதற்கு நல்ல சான்று சமையலறையில் இருக்கிறது. வறுத்த மிளகாய், உளுத்தம்பருப்பு, புளி, தேங்காய் ஆகியவற்றை அம்மியில் வைத்துத் தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரைத்தால் கிடைப்பது துவையல். நசுக்கிக் குழைத்ததால் அந்தப் பெயர். பதிற்றுப்பத்தின் 45ஆம் பாட்டுக்குப் பெயரே ‘ஊன்துவை அடிசில்’. இறைச்சி குழையும்படி சமைத்த சோறு அது. சங்க நூல்களில் துவை என்பது உணவின் பெயராகவும் வழங்கியது. முரசும் சங்கும் முழங்குவதையும் பழைய இலக்கியம் துவைத்தல் என்கிறது. அடிப்பதும் அதிலிருந்து ஒலி எழுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது இயல்பாகவே படுகிறது.

‘அடித்துத் துவைத்துவிட்டான்’ என்ற பேச்சுவழக்கு சலவையிலிருந்து வந்த உவமை என்று பலரும் கருதுவார்கள். ஆனால் யானை ஒருவரை மிதித்துத் துவைத்தது என்னும்போது அங்கே சலவையின் சாயலே இல்லை; பழம்பொருள்தான் நேராக நிற்கிறது.

துணிக்கு இந்தச் சொல் பொருந்தக் காரணம் துவைக்கும் முறை. ஊறவைத்த வேட்டியைச் சுருட்டிப் பிடித்து, தலைக்கு மேல் ஓங்கி, சாய்வான கருங்கல்லில் அறைவார்கள். ஒவ்வொரு அடியிலும் நூலிழைகளுக்கு இடையே புகுந்த நீர் அழுக்கோடு வெளியே தெறிக்கும். அதன் பிறகுதான் அலசுவதும் பிழிவதும் உதறிக் காயப்போடுவதும். ஆகவே துவைத்தல் முழு வேலைக்கும் பெயராகும் முன், அதில் ஒரு கட்டத்தின் பெயர்.

புறநானூற்றின் 311ஆம் பாட்டில், களர்நிலத்துக் கிணற்று நீரில் ஒரு பெண் வெளுக்கும் வெண்மையான துணி பேசப்படுகிறது. அங்கே வரும் வினை ‘கழுவு’. இன்றோ கையையும் பாத்திரத்தையும் கழுவுகிறோம். சட்டையைக் கழுவினேன் என்று பொதுவாகச் சொல்வதில்லை. களர்நிலம் என்ற குறிப்பும் சும்மா வந்ததல்ல. உவர்மண்ணில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். சோப்பு பரவும் முன் சலவைத் தொழிலாளர்கள் அந்த மண்ணைக் கரைத்துத் துணியை நனைத்து, வெள்ளாவியில் அடுக்கி, நீராவியில் அவித்து வெளுத்தார்கள். அந்தத் தொழிலுக்குரிய சொல் வெளுத்தல். வீட்டு வேலைக்குரியது துவைத்தல்.

வட்டாரத்துக்கு வட்டாரம் சொல் மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் உடுப்புத் தோய்ப்பார்கள். தமிழகத்துப் பிராமணர் பேச்சிலும் தோய்த்தல் உண்டு. தோய் என்பதற்கு நனைதல், அமிழ்தல் என்று பொருள். இங்கே அடிக்குப் பதில் நீர் முன்னே வருகிறது. மலையாளத்தின் அலக்கு குமரி மாவட்டத் தமிழிலும் கேட்கும். தெலுங்கின் உதுகு, துவையைப் போலவே அடித்து வெளுப்பதைக் குறிப்பது.

வாஷிங் மெஷின் வந்த பிறகும் ‘மெஷினில் துவைத்தேன்’ என்றே சொல்கிறோம். முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தில் சுழலும் உருளையின் உட்புறத் துடுப்புகள் துணியை மேலே தூக்கி மீண்டும் மீண்டும் தண்ணீரில் விழவைக்கின்றன. கல் போய்விட்டது, அடி இன்னும் இருக்கிறது.