கல்லின் சிவப்பு

என் கையில் இருப்பது ஒரு அகேட் கல். குஜராத்தின் சின்ன ரண் உப்புவெளியில் மர்தக் பேட் என்றொரு திட்டு இருக்கிறது. மழைக்காலத்தில் சுற்றிலும் நீர். மற்ற மாதங்களில் வெடித்த சேறும் உப்பும்தான். செக்கச்செவேலென்ற கற்களைப் பொறுக்கலாம் என்ற ஆசையோடு அந்தப் பக்கம் போனேன். உப்பளத் தொழிலாளி ஒருவர் இதைக் கொடுத்தார். உருளைக்கிழங்கு போல, மங்கிய சாம்பல் நிறம். ஏமாற்றமாக இருந்தது.

சிவப்பு எங்கே? கம்பாத்தில் விடை கிடைத்தது. கல்லுக்குள் சிறிதளவு இரும்பு இருக்கிறது. வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் போட்டு, வறட்டி நெருப்பில் சுட்டால் அந்த இரும்பு சிவக்கிறது. அதைத்தான் சூதுபவளம் என்கிறோம்.

இது பழைய வித்தை. 1935-36இல் சான்ஹுதாரோவில் மணி செய்த பட்டறையை எர்னஸ்ட் மக்கே தோண்டியெடுத்தார். 1922 முதல் 1934 வரை லெனார்ட் வூலி அகழ்ந்த ஊர் நகரின் அரச கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவள மணிகள் கிடைத்தன. நம் கொடுமணலிலும் கீழடியிலும் சூதுபவள மணிகள் உண்டு. அவற்றின் மூலக்கல் மேற்கிந்தியாவிலிருந்து வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இத்தனை பெருமைக்கும் ஒரு விலை இருக்கிறது. கம்பாத்தில் இன்றும் பலர் வீட்டு முற்றத்திலேயே கல்லை அரைக்கிறார்கள். அப்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அரைப்பவர் மட்டுமல்ல, அருகில் சமைப்பவரும் விளையாடும் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். தூசியை உறிஞ்சும் கருவியும் நீர்விட்டு அரைக்கும் முறையும் ஆபத்தைக் குறைக்கும். ஆனால் மணிக்கணக்கில் கூலி வாங்காமல் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு அதெல்லாம் கூடுதல் செலவு.

லண்டன் நண்பர்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஊர் நகரத்து மணிகளைப் பார்க்கலாம். தோண்டியவரின் பெயர் நமக்குத் தெரியும். அணிந்திருந்த அரசி பூஆபியின் பெயரும் தெரியும். துளையிட்டவரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கைவினைஞருக்கு நாம் இனி எதுவும் செய்ய முடியாது. கம்பாத்தில் இருப்பவருக்குச் செய்ய முடியும். சிவப்பு மணி வாங்கும்போது, அதை அரைத்தவர் எந்தக் காற்றில் உட்கார்ந்திருந்தார் என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.