பாய்மர வண்டிகளும் அவை ஓடிய தரையும்

கி.பி. 1600ஐ ஒட்டிய காலத்தில் ஒல்லாந்தின் கடற்கரையில் சக்கரம் பூட்டிய கப்பலொன்று ஓடியது. அமைத்தவர் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின். அமைப்பித்தவர் இளவரசர் மொரிஸ். (1602இல் மட்டக்களப்பில் வந்திறங்கிக் கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் கண்ட ஸ்பில்பேர்கன் இதே இளவரசரின் பெயரால்தான் வந்தான்.) சட்ட மேதை குரோசியஸ், போரில் சிறைப்பட்ட ஸ்பானியத் தளபதி மென்டோசா உட்பட ஏறத்தாழ 28 பேருடன் அது ஸ்கெவெனிங்கனிலிருந்து பெற்றன் வரை இரண்டு மணி நேரத்துக்குள் சென்றது என்பர்.

இதனைக் காற்றின் வெற்றி என்றே எழுதி வந்திருக்கிறார்கள். பாதிப் புகழ் மணலுக்குரியது என்பது என் எண்ணம். அலை நனைத்து இறுகிய மணலில் சக்கரம் உருளும். உலர்ந்த மணலில் புதையும். மணற்காட்டில் சைக்கிள் உருட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்றின் அடர்த்தியும் கணக்கில் உண்டு. 10 பாகை வெப்பத்தில் உள்ள காற்றைவிட 40 பாகைக் காற்று சுமார் பத்து வீதம் ஐதானது. பாயின் மீது விழும் விசையும் அதே வீதம் குறையும். அதனை ஈடுசெய்யக் காற்று சுமார் ஐந்து வீதம் வேகமாக வீசவேண்டும். ஆனால் வண்டியை எதிர்க்கும் காற்றுத்தடையும் அதே அளவில் குறைந்துவிடுகிறது. குறையாமல் நிற்பது தரையின் தடை மட்டுமே. ஆகவே ஐதான காற்று வண்டிக்குப் பாதகமாவது தரை மோசமாக இருக்கும்போதுதான். இறுகிய தரையில் அந்த நட்டம் சிறிது.

ஆங்கிலேயரான றிச்சர்ட் ஜென்கின்ஸ் இந்த வேகத்தைத் தேடிப் பத்தாண்டுகள் அலைந்தார். உலர்ந்த ஏரிப்படுகையும் பலத்த காற்றும் ஒரே நாளில் வாய்ப்பது அத்தனை அரிது. 2009 மார்ச் 26 அன்று, கலிபோர்னியா – நெவாடா எல்லையிலுள்ள இவன்பா ஏரியின் களிமண் தரையில், அவரது 'கிறீன்பேர்ட்' மணிக்கு 202.9 கிலோமீற்றரை எட்டியது. 1999இல் அதே தரையில் பொப் ஷூமாக்கர் நிலைநாட்டிய சாதனை முறிந்தது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 800 மீற்றர் மேலுள்ள அத்தரையில் காற்று இயல்பாகவே ஐதானது.

பின்னர் நியூசிலாந்து அணி அவுஸ்திரேலியாவின் கெயார்ட்னர் உப்பு ஏரிக்குச் சென்றது. உயரம் குறைந்த இடம், அடர்ந்த காற்று. ஆயினும் 2022இல் மழை பெய்து ஏரியில் நீர் தேங்கியது. ஈர உப்பில் சக்கரம் இழுபடும். அதனிலும் கேடாக, பாய் பக்கவாட்டில் தள்ளும்போது பிடிமானமின்றி வழுக்கும். எத்தனை கோடி செலவிட்டாலும் உப்பை உலர்த்த வெயிலைத் தவிர எவராலும் இயலாது. மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். டிசம்பர் 11 அன்று கிளென் ஆஷ்பி செலுத்திய 'ஹொரொநூக்கு' 222.4 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. அப்போது வீசிய காற்றின் வேகம் 22 நொட், அதாவது மணிக்குச் சுமார் 41 கிலோமீற்றர்தான்.