ஹவானாவில் தெரிந்த மேகம்

"புயலுக்கு என்னய்யா அரசியல்?" என்று ஒரு கூட்டத்தில் நண்பர் கேட்டார். அப்போது பதில் வரவில்லை. 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். சீறியது இயற்கை என்று ஆகிவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை பாருங்கள். பிறகுதான் 1900 செப்டம்பர் 8இல் கால்வெஸ்டனில் நடந்ததைத் தேடி வாசித்தேன்.

டெக்ஸாஸ் கரையோரத்தில் ஒரு மணல் தீவு. அதன் உச்சிமேடே கடல்மட்டத்துக்கு மேல் ஒன்பது அடிக்குள்தான். பருத்தி ஏற்றுமதியில் கொழுத்த துறைமுகம். ஏறத்தாழ 38,000 பேர். அதே கரையில் இண்டியனோலா என்ற துறைமுகம் 1875, 1886 புயல்களில் அழிந்தே போயிருந்தது. அப்படியிருந்தும், பெரும்புயல் பற்றிய பயம் வெறும் பிரமை என்று 1891இல் பத்திரிகையில் எழுதினார் ஐசக் க்ளைன். உள்ளூர் வானிலை அதிகாரி அவர். கடல்சுவர் வேண்டாம் என்பவர்களுக்கு அது போதும்.

ஆகஸ்ட் கடைசியில் அட்லாண்டிக்கில் தென்பட்ட தாழ்வுநிலை, கியூபாவைக் கடக்கையில் கனமழையாகத்தான் இருந்தது. கீற்றுமேகங்களின் போக்கை வைத்துப் புயலின் மையத்தைக் கணிக்கும் முறையை, ஹவானாவின் பெலென் ஆய்வகத்தில் பாதிரியார் பெனிட்டோ வின்யேஸ் வளர்த்திருந்தார், 1893இல் இறந்துபோனார். அவர் வழிவந்தவர்கள், இது வளைகுடாவுக்குள் டெக்ஸாஸ் பக்கம் போகிறது என்றார்கள். (இவர்களும் ஸ்பானியக் காலனியத்தின் ஏசுசபை வாரிசுகள்தாம், புனிதப்படுத்த வேண்டாம்.) வாஷிங்டனோ, வடக்கே திரும்பி ஃப்ளோரிடா வழியாக அட்லாண்டிக்குக்குப் போய்விடும் என்றது. 1898க்குப் பின் கியூபா அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. ஹவானாக்காரர்கள் பீதி கிளப்புகிறவர்கள் என்று, அவர்களுடைய வானிலைச் செய்திகள் தந்தியில் போகாதபடி சில நாட்களுக்கு முன்புதான் தடை போட்டிருந்தார்கள். எது அறிவு, எது புரளி என்பதைத் தந்திக் கம்பியை வைத்திருந்தவன் தீர்மானித்தான்.

வளைகுடாவின் வெந்நீரில் புயல் பேருருக் கொண்டது. பதினைந்து அடிக்கு மேல் கடல் ஏறி ஊரை மூடியது. செத்தவர்கள் 6,000 முதல் 12,000 வரை. 8,000 என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. க்ளைனின் மனைவியும் அதில் ஒருவர். குதிரைவண்டியில் கடற்கரையெங்கும் போய் எச்சரித்ததாகப் பின்னாளில் அவர் எழுதிக்கொண்டார். ஆய்வாளர்கள் சிலர் அதை நம்பவில்லை. மனைவியைப் பறிகொடுத்த மனுஷன், பாவம்தான். ஆனால் அந்தப் பிரதியை அப்படியே விழுங்க என்னால் முடியவில்லை.

பிணங்களைப் படகில் ஏற்றியது யார் தெரியுமா? கறுப்பின ஆண்கள். துப்பாக்கி முனையில் பிடித்துவந்து, விஸ்கி ஊற்றிக் கொடுத்து வேலை வாங்கினார்கள். கடலில் தள்ளிய பிணங்கள் அலையோடு கரைக்குத் திரும்பிவந்தன. அப்புறம் எரித்தார்கள், வாரக்கணக்கில். அதே நாட்களில் பத்திரிகைகள், மோதிரத்துக்காகப் பிண விரலை வெட்டும் 'கறுப்பர்களை'ப் பற்றிக் கதைகதையாக எழுதின.

1901இல் நகர்மன்றத்தின் இடத்தில் ஐவர் ஆணையம் வந்தது. ஆரம்பத்தில் மூவர் ஆளுநரின் நியமனம், இருவர்தான் தேர்தலில் வந்தவர்கள். இதற்கு முன்னின்றவர்கள் ஊரின் பெருவணிகர்கள். வேறு பல அமெரிக்க நகரங்கள் இதை 'முன்மாதிரி' என்று பின்பற்றின.

1904இல் 17 அடிக் கடல்சுவரின் முதல் பகுதி எழுந்து முடிந்தது. சுவர் வேண்டுமென்ற பேச்சு 1886லிருந்தே ஊரில் இருந்ததுதான்.